உப்போடையில் நிழல் குத்தவைத்த வருஷம்

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில், எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணைக் கூசவைக்கும் உப்பு மட்டுமே தெரிகிற உப்போடை என்ற ஊரில், யாரும் யாருடைய நிழலையும் மறைத்துவைக்க முடியாது. வெள்ளை வேட்டியில் சிந்திய மை மாதிரி அவரவர் நிழல் அவரவர் காலடியில் பளிச்சென்று கிடக்கும். அந்த ஊரில் தையல்கடை வைத்திருந்த பொன்னுலிங்கத்துக்கு ஒரே மகள், பெயர் வடிவு. அவளுக்குப் பதினைந்து முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்த ஒரு ஆடி மாதத்து உச்சிவெயிலில், உப்பளத்தில் வேலை செய்யும் அம்மாவுக்குக் கஞ்சித்தூக்கு கொண்டுபோய் வரப்பில் அவள் நின்றபோது, அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள், அவள் நிழல் மட்டும் குத்தவைத்து உட்கார்ந்தது.

முதலில் பார்த்தவள் பட்டு. உப்பு வாரும் பலகையை அப்படியே போட்டுவிட்டு, "ஏ மாரி, ஒம் மவ நெழலப் பாரு," என்றாள். வடிவின் அம்மா சந்தனமாரி பார்த்தாள். மற்ற எல்லாருடைய நிழலும் அந்த நேரத்தில் பாதத்துக்கடியில் ஒரு பிடி சுருண்டு கிடக்க, வடிவின் நிழல் மட்டும் நாலடி நீளத்துக்குத் தள்ளிப்போய், முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, இடுப்பைத் தாண்டி இறங்கிய சடையும் வளர்ந்த பெண்ணின் தோளுமாக உட்கார்ந்திருந்தது. யாரும் பயப்படவில்லை. ஒரு பெண் குத்தவைத்துவிட்டாள் என்றால் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. எத்தனையோ வீட்டில் எத்தனையோ பெண்பிள்ளைகள் அப்படி மூலையில் உட்கார்ந்ததைப் பார்த்த உப்பளத்துப் பெண்களுக்கு, ஆளைப் பார்த்துச் சொல்லத் தெரிந்ததை நிழலைப் பார்த்தும் சொல்லத் தெரிந்தது. பட்டு குலவையிட்டாள். அவளைத் தொட்டு அடுத்த பாத்தியிலும் அதற்கடுத்த பாத்தியிலும் இருந்தவர்கள் குலவையிட்டார்கள். வரப்பில் கஞ்சித்தூக்கோடு நின்ற வடிவு, யாருக்குக் குலவை போடுகிறார்கள் என்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

சேதி தையல்கடைக்கு வந்தபோது பொன்னுலிங்கம் ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையின் பாவாடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்தவில்லை. மடிப்பை முடித்து, நூலைக் கத்தரித்து, அப்புறம்தான் எழுந்தார். சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது, ஆனால் கை என்னவோ அலமாரியில் இருந்த அளவு நோட்டுக்குத்தான் போனது. ஊரில் எல்லாருடைய அளவும் இருக்கிற அந்த நோட்டின் முதல் பக்கம் வடிவுக்கு. பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை என்று வருஷத்துக்கு இரண்டு வரி. ஏழாம் வகுப்புச் சட்டைக்கு எடுத்த மார்பளவுதான் பத்தாம் வகுப்புச் சட்டைக்கும். உயரம் நாற்பத்தெட்டரை, நாற்பத்தொன்பது, நாற்பத்தொன்பதே கால், நாற்பத்தொன்பதரை, ஐம்பது அங்குலம். கழுத்து மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அகலம். மற்ற பிள்ளைகளுக்கு வெட்டுவதைவிட அரை அங்குலம் தள்ளி வெட்டினால்தான் அவளுக்குக் காலர் உட்காரும். அவள் பிறந்த அன்று இரண்டு புறங்காலும் பஞ்சுப்பொதி மாதிரி வீங்கியிருந்ததும், ஒரு மாதத்தில் வற்றிவிட்டதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அளவெடுத்தே பிழைத்தவர் என்பதால், துணி சொல்வதை மறைத்துப் பேச அவருக்கு வராது. இந்த அளவுகள் மூன்று வருஷமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன. கேட்கப் பயந்து அவர்தான் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபக்கனி இரண்டு வருஷத்துக்கு முன்பே வீடு தேடி வந்து சொல்லியிருந்தாள். "பொண்ணுக்குப் பதிமூணு முடிஞ்சும் ஒடம்புல ஒரு மாத்தமும் இல்லேன்னா காட்டிரணும். ஆம்பளப் பையனா இருந்தா பதினாலு. பெரும்பாலும் ஒண்ணுமிருக்காது, ஆனா பாத்துத்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லணும்." சந்தனமாரி அதற்கு, தானே பதினாறில்தான் ஆளானதாகவும் எல்லாம் தன் வாகுதான் என்றும் சொல்லி, நர்ஸுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். அதன்பிறகு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும், செவ்வாய்க்கிழமை விளக்கும், குலசைக் கோயிலில் ஒரு நேர்த்தியுமாக இரண்டு வருஷம் போயிற்று. பள்ளிக்கூடத்தில் வடிவைப் பத்தாம் வகுப்பு வரிசையில் முதலாவதாக நிறுத்தினார்கள். புதிதாக வந்த டீச்சர் ஒருத்தி அவள் தோளைப் பிடித்து நல்லபடியாகவே ஆறாம் வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். வடிவு ஒரு பீரியட் முழுக்க அங்கேயே இருந்துவிட்டு வந்தாள், வீட்டில் சொல்லவில்லை.

இப்போது நிழல் குத்தவைத்துவிட்டது, ஊர் அதற்குச் செய்யவேண்டியதைச் செய்யத் தொடங்கியது.

தாய்மாமன் கோமதிநாயகம் உப்பு லாரிகளுக்குச் சரக்கு பிடித்துக்கொடுப்பவர், எந்தக் காரியத்தையும் ஆள் வைத்து நடத்திப் பழகியவர். அவர் பச்சை ஓலை வெட்டிவந்து முற்றத்தில் குச்சு கட்டினார். கட்டி முடித்ததும் உள்ளே நிழலைக் காணவில்லை, வடிவு மட்டும் இருட்டில் நின்றாள். கூரை போட்டால் வெயில் இல்லை, வெயில் இல்லாவிட்டால் நிழல் இல்லை என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. கூரையைப் பிரித்தார்கள். நாலு சுவரும் மேலே வானமுமாக ஒரு குச்சு நின்றது. வெயில் திரும்பத் திரும்ப நிழல் மேற்கே இருந்து கிழக்கே நகர்ந்ததால், மணிக்கு ஒருதரம் நாலு ஆள் குச்சைத் தூக்கிச் சுற்றி வைத்தார்கள். மூன்றாம் நாள் யாரும் சொல்லாமலே நேரம் பார்த்துத் தூக்கப் பழகிக்கொண்டார்கள். அத்தைமார் புட்டும் களியும் கொண்டுவந்து தரையில் வைத்தார்கள், காக்கையும் எறும்பும் தின்றுபோன பிறகு நிழல் கொஞ்சம் கருத்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். தலைமுழுக்கு அன்றைக்கு மஞ்சள் தண்ணீரை நிழலின் தலை விழுந்த இடத்தில் குடம் குடமாக ஊற்றியதில் முற்றத்து மண் ஒரு முழ ஆழத்துக்கு மஞ்சளாயிற்று. அளவுக்கு ஜாக்கெட் தைக்கும்படி பொன்னுலிங்கத்திடம் கேட்டபோது, நிழலின் அளவு காலையில் ஒன்றும் மத்தியானம் ஒன்றுமாக இருக்கிறது என்று சொல்லி அவர் நழுவிக்கொண்டார். சேலையை மண்ணில் விரித்தார்கள், நிழல் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது, அழகாகத்தான் இருந்தது. முச்சந்தியில் பிளக்ஸ் வைத்தார்கள். சுற்றிலும் மாமன்மார் படம், நடுவில் தலைகுனிந்த ஒரு கறுப்பு உருவம், கீழே 'செல்வி பொ. வடிவு அவர்களின் நிழலுக்குப் பூப்புனித நீராட்டு விழா' என்று ரோஜா நிற எழுத்து. சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் யாருமே இதில் என்ன அதிசயம் என்று கேட்கவில்லை. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்பதுதான் ஊரில் இரண்டு நாள் பேச்சாக இருந்தது.

இவ்வளவுக்கும் வடிவு வெயிலில் நின்றாள். நிழல் அப்போது அவள் பாதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, அவள் நகர்ந்தால் அதுவும் இழுபடும் என்பதால் யாரோ ஒருவர் எப்போதும் "ஏட்டி, அசையாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினாறு நாள். புகைப்படக்காரன் கேமராவைத் தரைக்குக் குனித்துப் பிடித்து, "பாப்பா, கொஞ்சம் தள்ளிக்கோம்மா, உன் காலு விழுது" என்றான். பந்தியில் அவளை உட்காரச் சொல்ல எல்லாரும் மறந்துபோனார்கள்.

விழா முடிந்த சாயங்காலம் பொன்னுலிங்கம் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு குச்சுக்குப் போனார். வடிவு சுவரில் சாய்ந்து நின்றாள். உதடு வெடித்திருந்தது.

"உக்காந்து சாப்பிடு தாயி."

"உக்காந்தா அது கலையுமாம். அம்மா வைவா."

"வைய மாட்டா. நா சொல்லுதேன், உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். நிழல் கலையவில்லை. அவளைவிட ஒரு தலை உயரமாக, அவளுக்குப் பக்கத்தில் அதுபாட்டுக்கு இருந்தது. பாதி சாப்பிட்டபிறகு வடிவு, "அப்பா, அது நா இல்லப்பா," என்றாள். இன்னொரு வாய் சோறு விழுங்கிவிட்டு, "நா கண்ணாடில பாக்கேன்லா. எனக்கு ஒண்ணும் ஆவல. எனக்கு என்னன்னு யாராவது சொன்னாத் தேவல," என்றாள். அழவில்லை. பரீட்சையில் ஒரு கணக்கு வரவில்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். பொன்னுலிங்கத்துக்கு எதிரே உட்கார முடியவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு வந்து, கழுவின தட்டையே மறுபடி கழுவினார்.

அடுத்த புதன்கிழமை கோமதிநாயகம் வெற்றிலைத் தட்டோடு வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் தன் மகன் இன்பராஜுக்கு வடிவைப் பேசிவைக்க வேண்டும் என்றார். "இப்பவே கட்டிக்கொடுக்கச் சொல்லல மாப்ள. பதினெட்டு முடியட்டும். பேசி மட்டும் வச்சுக்கிடுவோம். நெழல் முன்னால வந்துட்டுல்லா, ஆளு பின்னாலயே வந்துரும்."

சந்தனமாரிக்கு முகம் விரிந்துவிட்டது. இரண்டு வருஷமாகக் கல்யாண வீடு, சடங்கு வீடு ஒன்றுக்கும் போகாமல் இருந்தவள். போனால் யாராவது, ஒம் மவ இன்னுமா என்று கேட்பார்கள்.

"நாளைக்கு அவளப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன் மச்சான். அத முடிச்சிட்டுத்தான் மத்த பேச்சு," என்றார் பொன்னுலிங்கம்.

"ஆஸ்பத்திரிக்கு என்னத்துக்கு? சடங்கே முடிஞ்சிட்டு," என்றாள் சந்தனமாரி.

"சடங்கு நெழலுக்கு முடிஞ்சுது."

"ஊரே வந்து சாப்பிட்டுப் போயிருக்கு. இப்பப் போயி டாக்டர்ட்ட நின்னா, நாம சொன்னது பொய்யின்னு ஆயிராதா? எம் பிள்ளைக்கு என்னமோ சீக்குன்னு நாளைக்கு எவன் வருவான்?"

"சீக்கா இருந்தா, எவனும் வராட்டாலும் அது சீக்குதான மாரி."

மறுநாள் காலையில் சந்தனமாரி உப்பளத்துக்கும் போகவில்லை, பஸ்ஸுக்கும் வரவில்லை. சீப்பும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு குச்சுக்குள் போய் நிழலுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். குச்சின் வாசலைத் தாண்டும்போது வடிவு ஒருதரம் கால் இடறி நின்றாள். நிழல் எழுந்திருக்கவில்லை. மாம்பழத்தில் தோல் உரிந்து வருகிற மாதிரி அவள் பாதம் அதைவிட்டு நோகாமல் பிரிந்து வந்தது. நடந்து பார்த்தாள். "லேசா இருக்குப்பா," என்றாள். பஸ்ஸில் நடத்துநர் அவளைப் பார்த்துவிட்டு அரை டிக்கெட் கிழிக்கப்போக, பொன்னுலிங்கம் முழு டிக்கெட் கேட்டு வாங்கினார்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் மெஹருன்னிஸா, நடுவயதுக்காரி, எதிரே இருப்பவர் முடிக்கும்வரை பேனாவைத் திறக்காதவள். வடிவின் பிறப்பிலிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். புறங்கால் வீங்கியிருந்ததைச் சொன்னபோதுதான் முதல்முறையாக எழுதினாள். அம்மா ஆளான வயதைக் கேட்டாள், அப்பா எந்த வகுப்பில் படிக்கும்போது மளமளவென்று வளர்ந்தார் என்று கேட்டாள். "சில குடும்பத்துல எல்லாருமே தாமதமா வருவாங்க. அப்படின்னா ஒண்ணும் செய்ய வேண்டாம், காத்திருந்தாப் போதும். ஆனா அது காத்திருக்கிற விஷயமா, காத்திருக்கக் கூடாத விஷயமான்னு முதல்ல தெரியணும்." வடிவை நிற்கவைத்து அளந்தாள், உட்காரவைத்து அளந்தாள், கையை விரிக்கச் சொல்லி அளந்தாள். பழைய அளவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது பொன்னுலிங்கம் மஞ்சள் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அங்குலத்தை எல்லாம் சென்டிமீட்டராக மாற்றி, ஒரு கட்டம்போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வைத்து இணைத்தாள். மற்ற பிள்ளைகளுக்கான கோடு மலை ஏறுவதுபோல் ஏறிப்போக, வடிவின் கோடு அடிவாரத்தில் தரையோடு நடந்துபோனது.

"இதைக் கையில வச்சுக்கிட்டா மூணு வருஷம் இருந்தீங்க?"

"ஆமாம்மா," என்றார் பொன்னுலிங்கம். டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை.

இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆளுக்குப் பதினைந்து, எலும்புக்குப் பதினொன்றரை வயது என்றது எக்ஸ்ரே. தைராய்டுக்கும் வேறு சிலவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள், மூன்று வாரம் கழித்து முடிவு வரும் என்று தனியாக இன்னொரு குழாய் ரத்தமும் எடுத்தார்கள். வெளியே வராந்தாவில் வெயிலடிக்க நடந்தபோது டாக்டர் பார்த்துவிட்டு, "நிழல் எங்கே?" என்று கேட்டாள். "வீட்ல இருக்கும்மா. அதுக்குச் சடங்கெல்லாம் ஆயிட்டு," என்றார் பொன்னுலிங்கம். டாக்டர் தலையாட்டி, 'நிழல் உடன் வரவில்லை; முதிர்ந்துவிட்டதாகத் தந்தை கூறுகிறார்' என்று சீட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது, பெண்ணை வெளியே உட்காரச் சொல்லலாமா என்று பொன்னுலிங்கம் கேட்டார். "இது அவ சேதி. அவதான் முதல்ல கேக்கணும்," என்றாள் டாக்டர். பிறகு வடிவைப் பார்த்துச் சொன்னாள். "உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் பொம்பளைப் பிள்ளைக்கு எக்ஸ்னு ரெண்டு குரோமோசோம் இருக்கும். உனக்கு ஒண்ணுதான் இருக்கு. இது நீயோ உங்கம்மாவோ செஞ்ச தப்பு இல்ல, சாப்பாட்டால வந்ததும் இல்ல, கரு உருவாகும்போதே அப்படி அமைஞ்சிருக்கு. டர்னர்னு பேரு. ரெண்டாயிரம் பொண்ணுல ஒருத்திக்கு இருக்கும். உன் சினைப்பை வேலை செய்யல. அதனால அது சுரக்க வேண்டியதை நாம வெளியிலேருந்து கொடுக்கணும்."

"நா செத்துருவனா?"

"இல்ல. இதயத்தையும் சிறுநீரகத்தையும் காதையும் பாக்கணும், வருஷா வருஷம் பாத்துக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான்."

"வளருவேனா?"

"எலும்பு இன்னும் மூடல, அது நல்லது. தினமும் ஒரு ஊசி போட்டா நாலரை அடியைத் தாண்டலாம். மத்த மாற்றத்துக்கு ரொம்பச் சின்ன அளவுல மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மூணு வருஷத்துல கூட்டுவோம். அவசரப்பட்டு ஒரேயடியாக் கொடுத்தா எலும்பு மூடிக்கும், உயரம் அதோட நின்னுரும்."

"பிள்ள பொறக்குமா?" என்று வடிவுதான் கேட்டாள். பொன்னுலிங்கம் கேட்கத் துணியாமல் மூன்று வாரமாக நெஞ்சில் வைத்திருந்த கேள்வி அது.

"தானா உண்டாகறது ரொம்ப அபூர்வம். பின்னாடி நீ பெரியவளாகி வேணும்னு நினைச்சா, அதுக்கு வேற வழிகள் இருக்கு, அப்பப் பேசலாம். வேண்டாம்னு நினைச்சாலும் நீ குறைஞ்சவ இல்ல."

"இதுக்கு ஒரு பேரு இருக்குன்னு முன்னாலயே தெரிஞ்சா நல்லாருந்திருக்கும்," என்றாள் வடிவு.

வீட்டுக்கு வந்து பொன்னுலிங்கம் மனைவியையும் மச்சானையும் உட்காரவைத்து, டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். கோமதிநாயகம் நெடுநேரம் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்துவிட்டு, வடிவை விட்டுவிடலாம், நிழலையாவது தன் மகனுக்குப் பேசி முடிப்போம் என்றார். சீர் செய்தது நிழலுக்குத்தானே, அது எல்லா லட்சணமும் பொருந்தித்தானே இருக்கிறது என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து அதையும் உட்கார்ந்து பேசினார்கள். நிழலுக்கு வயசு எது, வடிவின் வயசா அதனுடைய வயசா என்று ஒரு கேள்வி எழுந்தது. ஜெபக்கனியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "யாரு நெழலா இருந்தாலும் பதினெட்டு முடியாமப் பேச்செடுத்தா நா போலீசுக்குப் போன் பண்ணிருவேன்," என்று அவள் சொன்னதோடு கூட்டம் கலைந்தது. திருப்பூரிலிருந்து இன்பராஜ், தனக்கு அங்கேயே ஒரு பெண் இருப்பதாக அடுத்த வாரம் தகவல் சொல்லியனுப்பினான்.

சந்தனமாரி மட்டும் யாரோடும் பேசவில்லை. உப்பளத்திலிருந்து வந்ததும் நேரே குச்சுக்குள் போய்விடுவாள். தான் ஆளான கதை, வாழ்க்கைப்பட்டு வந்த கதை, வடிவு வயிற்றில் இருந்தபோது மாம்பிஞ்சு கேட்ட கதை எல்லாவற்றையும் நிழலிடம் சொன்னாள். காலையில் மாத்திரையும் சாயங்காலம் ஊசியும் பொன்னுலிங்கம்தான் பார்த்துக்கொண்டார். துணியில் ஊசி ஏற்றிப் பழகிய கைக்கு மகளின் தொடையில் ஏற்ற ஒரு வாரமாகியும் வரவில்லை, அப்புறம் வடிவே வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஒரே வீட்டில் அப்பாவும் மகளும் ஒரு பக்கமும், அம்மாவும் நிழலும் ஒரு பக்கமுமாக ஐப்பசி வந்தது.

ஐப்பசி பத்தாம் தேதி மத்தியானம் கடல் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்தது. உப்பளத்தில் எல்லாரும் குவித்த உப்பைத் தார்ப்பாயால் மூட ஓடியபோது, சந்தனமாரி ஒரு தார்ப்பாயை உருவிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். கூரையில்லாத குச்சில் தன் நிழற்பெண் நனைந்துவிடும் என்று, நாலு சுவருக்கும் மேலாக அதை இழுத்துக் கட்டி, நாலு மூலைக்கும் கல் வைத்தாள். ஒன்பது நாள் மழை. பாத்திகள் நிரம்பி வரப்பு உடைந்து, கடல் எது உப்பளம் எது என்று தெரியாமல் போயிற்று. வெயிலே இல்லாததால் அந்த ஒன்பது நாளும் உப்போடையில் யாருக்கும் நிழல் இல்லை, எல்லாரும் வடிவைப்போலத்தான் நடந்துதிரிந்தார்கள். பத்தாம் நாள் வெயிலடித்தது. ஊர்க்காரர்களுக்கெல்லாம் அவரவர் நிழல் ஈரத்தரையில் வந்து சேர்ந்தது. சந்தனமாரி கல்லை எடுத்துத் தார்ப்பாயை நீக்கினாள். உள்ளே மஞ்சள் மண் இருந்தது, மடிப்புக் கலையாத சேலை இருந்தது, வேறொன்றும் இல்லை.

அவள் அந்தச் சேலையை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். யார் கூப்பிட்டும் வரவில்லை. மத்தியானம் தாண்டியபிறகு வடிவு உள்ளே போனாள். பொன்னுலிங்கம் ஓலைச் சுவருக்கு வெளியே நின்றார், உள்ளே போகலாமா என்று தெரியவில்லை.

"நாந்தான் மூடிட்டேன்," என்றாள் சந்தனமாரி. "நனைஞ்சிருமேன்னு மூடினேன்."

"தெரியும்மா."

"அது எவ்வளவு லட்சணமா இருந்துது தெரியுமாட்டி."

"பாத்தேம்மா."

"ஒங்கிட்ட என்ன கொறையோன்னு பாக்கவே எனக்குப் பயமா இருந்துது. அதப் பாத்தா பயமில்லாம இருந்துது."

வடிவு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "நா இருக்கேம்லா," என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. உள்ளே விசும்பல் கேட்டது, யாருடையது என்று பொன்னுலிங்கத்துக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டியதாகவும் இல்லை. அவர் கடைக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் மாத்திரையை எடுக்க அலமாரியைத் திறந்தபோது அட்டையில் அன்றைய மாத்திரையைக் காணோம். அடுப்படியில் சந்தனமாரி ஒரு கையில் தண்ணீர்ச் செம்போடு நின்று, வடிவு விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்கு மூன்று டிக்கெட் வாங்கினார்கள்.

நிழல் திரும்ப வரவில்லை. மழையில் உப்போடு கரைந்துபோய்விட்டது என்று சிலர் சொன்னார்கள், அதற்கு வேலை முடிந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். பிளக்ஸைக் காற்று கிழித்தது. கோமதிநாயகம் சீர்ப் பாத்திரங்களைத் திரும்பக் கேட்கவில்லை. வெயிலில் வடிவு நடந்துபோனால் எதிரே வருகிறவர்கள் சற்று ஒதுங்கி, தங்கள் நிழல் அவள்மேல் விழுகிற மாதிரி நடந்தார்கள். நிழலில்லாத பிள்ளைக்கு வெயில் கூடுதலாகச் சுடும் என்று யாரோ சொல்லி, அது வழக்கமாகிவிட்டது. அவள் பிளஸ் டூ முடித்தாள், தூத்துக்குடியில் ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்தாள். நாலடி ஏழு அங்குலத்துக்கு வளர்ந்தாள். உடம்பு மெதுவாக, கோலப்புள்ளி ஒவ்வொன்றாக இணைவதுபோல மாறியது. மாறியதை ஊர் கவனிக்கவில்லை, ஊர் தன் சடங்கை எப்போதோ முடித்துவிட்டிருந்தது.

மூன்றரை வருஷம் கழித்து, மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, குளியலறையிலிருந்து வடிவு அம்மாவைக் கூப்பிட்டாள். சந்தனமாரி போய்ப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குலவையிட வாய் திறந்தவளின் கையை வடிவு பிடித்தாள்.

"டாக்டர் இந்த வருஷம் வரும்னு சொன்னாங்கள்லாம்மா. மாத்திரைக்கு வந்துருக்கு. சத்தம் போடாத."

"இதுக்குக்கூடப் போடாம, பெறவு எதுக்குட்டி போட?"

"இப்ப நேரமில்ல. ஏழே முக்கால் பஸ்ஸுக்கு அவங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

அவர்கள் என்பது ஆரோக்கியமேரியும் அவள் மகளும். பழையகாயல் பக்கத்துக்காரர்கள். மகளுக்குப் பதினாலு வயது, மூன்று வருஷமாக ஒரே செருப்பைப் போடுகிறாள். முந்தின வாரம் ஆரோக்கியமேரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தையல்கடைக்கு வந்து, துணியை அளக்கக் கொடுக்கிறவள்போல நின்று, மற்றவர்கள் போகும்வரை பொறுத்து, "ஒங்க மவ எந்த டாக்டரப் பாத்தா அண்ணாச்சி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டிருந்தாள். பொன்னுலிங்கம் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து வடிவு வந்து, வியாழக்கிழமை டாக்டர் இருப்பாங்க, நானே கூட வாறேன் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அவள் குளித்து, ஜெபக்கனி எப்போதோ கொடுத்து வைத்திருந்த நாப்கின் பொட்டலத்தைப் பிரித்து, தலைவாரி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் பொன்னுலிங்கம் கடைச்சாவியோடு நின்றார். சேதி அவருக்கு எட்டிவிட்டிருந்தது, பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ள ரொம்பப் பயப்படுதாப்பா," என்றாள் வடிவு. "வழியில நா பேசிக்கிடுதேன்."

"சாப்பிட்டுட்டுப் போ," என்று உள்ளேயிருந்து சந்தனமாரி சொன்னாள். பிறகு அவளே ஒரு தூக்கில் மூன்று பேருக்கு இட்லியை அடுக்கி, ஓடிவந்து, மகள் கையில் கொடுத்தாள்.